பழசு எல்லாம் பாரம்பரியமா? பாரிமுனைக் கட்டடங்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை பார்க்க, சென்னைப் பாரிமுனையில் இருக்கும் ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் மாடல் எடுக்க உள்ளே போன நேரத்தில், எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் முளைத்திருந்த அரசஞ்செடியைப் பார்த்துவிட்டு சித்தப்பா சொன்னார்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டினதுடா. ஹெரிடேஜ் பில்டிங். கவர்மென்ட் கையில இருக்கு, ஒரு ஆணி அடிக்க முடியாது." திரும்பி வந்த கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். "சார், போன வருஷம்தான் அதோட பின்பக்கம் இடிச்சுக் கட்டினாங்க."

சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பேசுகிறோம். சிவப்பாக இருந்தால் இந்தோ-சாரசெனிக், பழசாக இருந்தால் ஹெரிடேஜ், ஹெரிடேஜ் என்றால் அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிடும் என்று மூன்றையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறோம். இதில் கோயில், கோட்டை பற்றியாவது ஏதோ ஒரு தெளிவு இருக்கிறது. கடை, கிடங்கு, கம்பெனி ஆபீஸ் என்று வியாபாரத்துக்காகக் கட்டியவை என்று வந்துவிட்டால் சுத்தமாகக் குழப்பம். அதனால் அவற்றை மட்டும் வைத்து, அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கொலுவில் இருக்கும் செட்டியார்

நவராத்திரிக் கொலுவில் செட்டியார், செட்டிச்சி பொம்மை வைப்போம் இல்லையா? முன்னால் சின்னச் சின்னக் கிண்ணத்தில் அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம் எல்லாம் பரப்பி வைப்போம். அந்தக் கிண்ணங்களை எடுத்துவிட்டால் அவர் மளிகைக் கடைச் செட்டியார் இல்லை, தொந்தியோடு சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், அவ்வளவுதான். பொம்மை அதேதான், உடைந்தும் போகவில்லை, ஆனால் அது சொன்ன கதை போய்விட்டது.

வியாபாரக் கட்டடத்தின் பாரம்பரியமும் அப்படித்தான். பாரம்பரியக் கட்டடம் என்றால், ஒரு ஊர் எப்படி வாழ்ந்தது, எப்படிக் கட்டியது, எப்படிச் சம்பாதித்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும் கட்டடம். வயது அதில் ஒரு பகுதிதான். நூறு வருஷத்துக் கொட்டகை ஒன்று எதையும் சொல்லாமல் நிற்கலாம். 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடமோ மவுண்ட் ரோடு என்ற தெருவின் அளவையே மாற்றியது, அதற்குப் பிறகு ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரும் அதன் கீழே நின்று கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார்கள். வயதை மட்டும் பார்த்தால் அது 'பழசு' கணக்கில் வராது. ஊரின் நினைவில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டால் கண்டிப்பாக உண்டு.

தெருவும் சேர்ந்தால்தான் கணக்கு

இப்போது ஒரு கட்டடத்தை விட்டுவிட்டு முழு வட்டாரத்தையும் பார்க்கலாம். பாரம்பரிய வட்டாரம் என்றால், தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் கட்டடங்கள், அவற்றின் நடுவே ஓடும் தெரு, அந்தத் தெருவில் நடக்கும் தொழில் என எல்லாம் சேர்ந்து மதிப்புப் பெறும் ஒரு பகுதி. பாரிமுனையைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுன் இதற்கு நல்ல உதாரணம், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன்.

கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதலில் இருந்த 'கறுப்பர் நகரம்', அதாவது பிளாக் டவுன், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. சண்டை நடந்தால் எதிரி வீடுகளுக்குள் ஒளிந்துகொண்டு கோட்டையை நெருங்கிவிடுவான் என்ற பயத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கி, திறந்தவெளி ஆக்கினார்கள். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் எதுவும் கட்டக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் ஆறு நட்டார்கள். அதில் மிச்சமிருக்கும் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. பஸ் பிடிக்க ஓடும் ஆயிரக்கணக்கான பேர் தினமும் அதைத் தாண்டிப் போகிறார்கள், நானும் பத்து வருஷம் அப்படித்தான் போனேன்.

அந்தத் தூண் ஏன் முக்கியம் என்றால், எதிரே ஹைகோர்ட் வளாகம் இவ்வளவு விசாலமாக இருப்பதற்கும், சாலையைத் தாண்டிய உடனே சந்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்கும் காரணம் அந்தக் கோடுதான். ஒரு பக்கம் பீரங்கிக்காக விட்ட வெளி. மறுபக்கம், இடம்பெயர்ந்த வியாபாரிகள் போய்ச் சேர்ந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும். இந்த இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே ஓடிய ஓடையை ஒழுங்கு செய்துதான் ஸ்டீபன் பாபம் என்ற வக்கீல் பிராட்வே போட்டார், இன்றைய பிரகாசம் சாலை.

அப்புறம் தெருவுக்கு ஒரு தொழில். கோடவுன் தெருவில் ஜவுளி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நைனியப்ப நாயக்கன் தெருவில் வாசனைத் திரவியமும் கெமிக்கலும். பவழக்காரத் தெரு என்ற பெயரே பவழ வியாபாரத்தைச் சொல்லிவிடும். அர்மேனியன் தெரு தமிழில் அரண்மனைக்காரத் தெரு ஆனது தனி வேடிக்கை, அங்கே அரண்மனை எதுவும் இல்லை, அர்மேனிய வியாபாரிகள்தான் இருந்தார்கள், வாய்க்கு வந்தபடி மக்கள் திருப்பிக்கொண்டார்கள். சரக்கு கடலில் வந்தது, துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகு போய் இறக்கிவரும். அதனால் கடலைப் பார்த்தபடி பெரிய கம்பெனிகளும் வங்கிகளும், பின் தெருக்களில் கிடங்குகள், அதற்கும் பின்னால் மொத்த வியாபாரம் என்று ஊரே சரக்கு நகரும் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. ராஜாஜி சாலையைப் பெரியவர்கள் 'பர்ஸ்ட் லைன் பீச்' என்று சொல்வது இதனால்தான். அப்போது கடல் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, துறைமுகம் வந்த பிறகு தள்ளிப் போய்விட்டது.

இந்த வரிசையில் ஒரு துண்டை உருவினால் என்ன ஆகும்? 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். நெரிசலைப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான், நான் வேறு மாதிரி சொல்லமாட்டேன். ஆனால் சந்தை போனதும் அதை நம்பி நின்ற கட்டடங்களுக்கு வேலை போயிற்று, ஒரு வட்டாரத்தின் பாரம்பரியம் செங்கல்லில் மட்டும் இல்லை என்பதை அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கட்டடம் சாட்சி, வயது அதில் ஒரு பகுதி. வட்டாரம் என்பது கட்டடம், தெரு, தொழில் மூன்றும் சேர்ந்தது.

எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினதா?

இல்லை. திட்டம் போட்டவர் பல சமயம் ஆங்கிலேயர், கட்டியவர் நம்மவர். 1892-இல் திறந்த ஹைகோர்ட்டையும், ராஜாஜி சாலையில் மெட்ராஸ் பேங்க்குக்காக எழுந்து இன்று ஸ்டேட் பேங்க் இருக்கும் கட்டடத்தையும் கட்டி முடித்தவர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி என்ற கான்ட்ராக்டர். உள் தெருக்களின் கடை வீடுகளுக்கு ஆங்கிலேயத் திட்டம்கூடக் கிடையாது. நம் கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்த முற்றத்து வீட்டை எடுத்து, திண்ணையைக் கடையாக்கி, நடுக்கூடத்தைக் கிடங்காக்கி, குடும்பத்தை மாடியில் ஏற்றினார்கள்.

சிவப்பு எல்லாம் இந்தோ-சாரசெனிக் என்பதும் அரைகுறை உண்மைதான். இந்தோ-சாரசெனிக் என்பது ஐரோப்பியக் கட்டடத் திட்டத்தின் மேல் முகலாய, இந்துக் கோயில் பாணிகளின் வளைவு, குமிழ், மாடம் எல்லாம் சேர்த்த 19-ஆம் நூற்றாண்டுக் கலவை. ஸ்டேட் பேங்க் அந்த வகை, 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக மவுண்ட் ரோட்டில் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் அந்த வகை. ஆனால் 1940-இல் வந்த டேர் ஹவுஸைப் பாருங்கள், குமிழும் இல்லை, வளைவு மாடமும் இல்லை. முனை உருண்டையாக வளைந்து, கட்டடம் முழுக்க நீளவாக்கில் கோடு ஓடும். அது ஆர்ட் டெகோ: கான்கிரீட் வந்த பிறகு, அலங்காரத்தைக் குறைத்து, கப்பல், ரயில் மாதிரி வேகமான வடிவத்தை விரும்பிய 1930, 40-களின் பாணி. ஜார்ஜ் டவுனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒருமுறை வித்தியாசம் பிடிபட்டால் அப்புறம் விடாது, பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண் தானாகத் தேடும்.

கொஞ்சம் மேலே பார்க்கலாம்: மெட்ராஸ் டெரஸ்

எனக்கு முகப்பைவிடக் கூரைதான் பிடிக்கும், அதனால் இங்கே கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டர்சன் தெருப் பத்திரிகைக் கடையில் தலைக்கு மேலே பார்த்தால் கறுப்பேறிய தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்கே வரிசையாகச் சின்னச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே சாய்வுக் கோடுகளாகச் செங்கல் விளிம்புகள். இதுதான் மெட்ராஸ் டெரஸ்: மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் ஓரக்குத்தாக நிறுத்திப் போடும் மட்டக் கூரை. அந்தச் செங்கல் சுமார் ஓர் அங்குலத் தடிமன்தான் இருக்கும், பிஸ்கட் பாக்கெட்டில் பிஸ்கட் நிற்பதுபோல ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். மூலையில் ஆரம்பித்துச் சாய்வாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள், புது வரிசை ஏற்கெனவே இறுகிய பழைய வரிசையைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கீழே முட்டுக்கொடுத்துப் பலகை அடிக்கும் வேலை இல்லை.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள், நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். மாடியில் தண்ணீர் தேங்காமல் ஓட லேசான வாட்டம்.

இது எப்படி வேலை செய்கிறது? மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் நுண்துளை வழியாக ஈரம் வெளியே கசிந்து ஆவியாகிறது, அதனால் பானை கெட்டும் போகவில்லை, தண்ணீரும் குளிர்கிறது. சுண்ணாம்பும் அப்படியே. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். இப்போது அந்தப் பானைக்கு வெளியே பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? அதைத்தான் நாம் சிமென்ட் பூசிச் செய்கிறோம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அக்னி நட்சத்திரத்தில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு நடப்பதுபோல, உள்ளேயே வேர்த்து வேர்த்து, சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும்.

எங்கள் உறவில் ஒருவருக்கு ஜார்ஜ் டவுனில் சின்ன வீடு. கீழே கடை வாடகைக்கு, மேலே அவர்கள். மழைக்கு ஒழுகியது. வந்த மேஸ்திரி இரண்டங்குலம் சிமென்ட் தளம் போட்டார், அடுத்த இரண்டு வருஷம் ஒழுகவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வருஷம் வேறு இடத்தில் ஒழுகியது, இன்னொரு தளம். இப்படி மூன்று தளம் ஏறியதும் கூரையின் எடை எங்கேயோ போய்விட்டது, உள்ளே சிக்கிய ஈரத்தில் சுவருக்குள் புதைந்திருந்த தேக்கு நுனி பஞ்சு மாதிரி ஆகியிருந்தது, விரலால் குத்தினால் உள்ளே போயிற்று. கடைசியில் பார்த்தால் முதல் ஒழுகலுக்குக் காரணம் வடிகுழாயில் அடைத்திருந்த அரச இலை. அப்போதே ஒரு குச்சி விட்டு எடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

சுருக்கமாக: பழைய கட்டடம் வயதானதால் மட்டும் விழுவதில்லை. தண்ணீர் வெளியேற வழி அடைபடுவதாலும், மூச்சுவிடும் பொருளின் மேல் மூச்சுவிடாத பொருளைப் பூசுவதாலும்தான் பெரும்பாலும் விழுகிறது.

அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளுமா?

சித்தப்பாவின் அடுத்த கவலை இது. தொல்லியல் துறையின் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. மத்தியச் சட்டம் 1958, மாநிலச் சட்டம் 1966. இவை பெரும்பாலும் கோட்டை, கோயில், கல்வெட்டு மாதிரியான நினைவுச் சின்னங்களுக்கு. அங்கேதான் நூறு மீட்டருக்குள் கட்டக் கூடாது போன்ற கடுமையான விதி எல்லாம். நம் கடைத்தெருக் கட்டடங்களில் அநேகமாக எதுவும் இதில் வராது.

கடைத்தெருவுக்கு வேறு ஒரு ஏற்பாடு: பட்டியலிடுதல். நகரத் திட்ட அமைப்பு, நம் ஊரில் சி.எம்.டி.ஏ., இந்தக் கட்டடம் முக்கியம் என்று ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறது. சொந்தக்காரர் சொந்தக்காரராகவே இருப்பார், விற்கலாம், வாடகைக்கு விடலாம். இடிக்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டி ஒரு குழுவிடம் கேட்க வேண்டும். எவ்வளவு மாற்றலாம் என்பதைத் தரம் பிரித்துச் சொல்வார்கள்.

அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சில புடவையை நாம் தொடவே மாட்டோம், வெயில் படாமல் காற்றாட வைத்து மடித்து வைப்போம். முதல் தரக் கட்டடம் அப்படி, பராமரிப்பு மட்டும்தான். சிலதை நைந்த இடத்தில் இழை ஓட்டி, புது ரவிக்கை தைத்துத் தங்கச்சி கட்டிக்கொள்வாள். இரண்டாம் தரம் அது, வெளித்தோற்றம் கெடாமல் உள்ளே தேவைக்கு மாற்றலாம். சிலது உடல் கிழிந்துபோய்க் கரை மட்டும் நன்றாக இருக்கும், அதைப் பேத்திக்குப் பாவாடை தைப்போம். மூன்றாம் தரத்தில் அந்த அளவுக்கு இடம் உண்டு, தெருவின் சாயல் மாறாமல் இருந்தால் சரி.

நம் ஊரில் இந்தப் பட்டியல் வந்த வழி கொஞ்சம் விசித்திரம். 2006-இல் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று, 2010-இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு கையில் எடுத்துக்கொண்ட பட்டியல் எது தெரியுமா? நகரில் விளம்பரப் பலகை எங்கே வைக்கக் கூடாது என்று பார்ப்பதற்காக நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்திருந்த பட்டியல், நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் இருந்தன. போர்டு வைக்காதே என்று எழுதியதுதான் பிறகு இடிக்காதே என்று வாசிக்கப்பட்டது. தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டடம் பாதி இடிந்தபடியே வருஷக்கணக்கில் நின்றது. இடிக்காதே என்று கோர்ட் சொல்லலாம், ஆனால் ஒரு கட்டடத்துக்குள் வாடகைக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் வேலையை யார் செய்வது என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் கிடைக்காது.

காசு எங்கிருந்து வரும்?

எனக்குச் சொந்தக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் அனுதாபம் உண்டு. லிங்கிச் செட்டித் தெருவில் ஒருவரிடம் இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது என்று வையுங்கள். சட்டப்படி அங்கே ஐந்து மாடி கட்டலாம் என்றால், மூன்று மாடி வாடகையை அவர் ஊருக்காக விட்டுக்கொடுக்கிறார். ஊர் பதிலுக்கு என்ன தருகிறது?

ஒரு வழி, வளர்ச்சி உரிமை மாற்றம்: தன் மனையில் கட்டாமல் விட்ட பரப்பளவைச் சான்றிதழாக வாங்கி, ஊரின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்பது. உபயோகிக்காத ரயில் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மும்பையில் 1995-இல் வந்த பாரம்பரிய விதிகளிலேயே இது இருந்தது.

இன்னொரு வழி மறுபயன்பாடு, அதாவது கட்டடத்தின் உடம்பை வைத்துக்கொண்டு வேலையை மட்டும் மாற்றுவது. கிடங்கு ஷோரூம் ஆகலாம், பழைய ஆபீஸ் ஓட்டல் ஆகலாம். வயரிங்கைப் புதுப்பிப்பதும் தீத்தடுப்பு வைப்பதும் இதில் முதல் வேலை, மீதியெல்லாம் அப்புறம். 1895-இல் கட்டிய ஸ்பென்சர் கடை 1983-இல் எரிந்தது, 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளும் அந்தச் சிவப்பு வளைவுகளும் இருந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பெரியவர்களைக் கேட்டால் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள்.

வேலையை மாற்றாமலேயே பிழைத்ததும் உண்டு. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் 1904-இல் கட்டிய கட்டடத்தில் புத்தகம்தான் விற்றது, நூறு வருஷம் கழிந்த பிறகும் புத்தகம்தான். உள்ளே உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, கீழே போட்டித் தேர்வு கைடு. எனக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கும். செட்டியார் முன்னால் கிண்ணம் இன்னும் இருக்கிறது.

சரி, ஆண்டர்சன் தெருக் கடை என்ன ஆயிற்று?

பத்திரிகை எடுத்தோம், தங்க எழுத்தில் பிள்ளையார் போட்டது. பில் போடும் நேரத்தில் கடைக்காரரிடம் கூரையைக் காட்டிக் கேட்டேன். பட்டியலில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தினமும் பார்க்கும் கூரையைப் பற்றித் தெரிந்திருந்தது. "மேல ரீம் கட்டு அடுக்கறதில்லை சார், சட்டம் தாங்காது. ஐப்பசிக்கு முன்னாடி ஆள் ஏத்தி மாடியில குழாய் சுத்தம் பண்ணிடுவோம், எங்க அப்பா காலத்துல இருந்தே."

சித்தப்பா எதிர்க் கட்டடத்து அரசஞ்செடியை மறுபடி பார்த்தார். "அதை யாராவது பிடுங்கக் கூடாதா?" என்றார்.

"அது பக்கத்துக்காரங்களோடது சார். அண்ணன் தம்பி கேஸு, பதினெட்டு வருஷமா நடக்குது."